‘ஹேங் ஒன்’ என்றால் போனை வை என்றல்ல: வன்னியின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னிப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பிக்கும் சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும், வலயக் கல்விப் பணிமனைகளில் ஆங்கிலப் பாடத்துக்குப் பொறுப்பாக இருக்கிறவர்களுக்கும், பின்னேரத்தில் ஸ்போக்கின் இங்கிலீஷ் வகுப்பு வைக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

மாங்குளம் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறவன் எழுதுகிறேன். போட்டோக்கொப்பி என்று பேர்தானே தவிர, கடையில் நடப்பது வேறு. ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புவது, சுயவிபரக் கோவை அடிப்பது, ஈமெயில் அனுப்புவது, மறந்துபோன பாஸ்வேர்டை மீட்பது, இவைதான் முக்கால்வாசி வேலை. முல்லைத்தீவு வீதியும் மல்லாவி வீதியும் ஏ9ஐத் தொடுகிற இடம் என்பதால் ஒட்டுசுட்டானிலிருந்தும் வருவார்கள், துணுக்காயிலிருந்தும் வருவார்கள். பஸ் வர நேரமிருந்தால் கதைத்துக்கொண்டும் இருப்பார்கள்.

நான் ஆசிரியன் இல்லை. உயர்தரத்தோடு படிப்பு முடிந்தது. ஆங்கிலம் கடையில் நின்று, பிழைவிட்டு, அவமானப்பட்டுப் பழகியது. ஆகவே உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. நீங்கள் படிப்பித்து அனுப்புகிற பிள்ளைகள் முதன்முதலாக ஒரு ஆங்கிலக் கோலை எடுக்கிற இடத்தில், முதன்முதலாக ஒரு ஆங்கில ஈமெயில் எழுதுகிற இடத்தில், மேசைக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேறு ஆளில்லை என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு பிள்ளை. ஒலுமடுப் பக்கம். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு பி சித்தி. வவுனியாவில் கிளை வைத்திருக்கிற ஒரு கொழும்புக் கம்பனிக்கு என் கடையிலிருந்துதான் விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். வேறொரு படிவம் எடுக்க வந்து நின்றபோது அவளுடைய போன் அடித்தது. கொழும்பு இலக்கம். கையைக் காட்டி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். போட்டோக்கொப்பி மெசினைக்கூட நிற்பாட்டினேன். “யெஸ்... யெஸ் மிஸ்... ஸ்பீக்கிங்...” நன்றாகத்தான் போனது. பிறகு முகம் மாறியது. காதிலிருந்து போனை எடுத்து, சிவப்பை அழுத்தி, மேசையில் வைத்தாள்.

“என்னம்மா, முடிஞ்சுதோ?”

“வைக்கச் சொல்லிச்சினம் அண்ணை.”

“என்னெண்டு சொன்னவை?”

“ஹேங் எண்டு சொன்னவை. ஹேங் ஒன் அ செக்கன்ட் எண்டு.”

கொஞ்சம் பொறு, மற்றவரிடம் லைனைக் கொடுக்கிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். இவள் வைத்துவிட்டாள். திருப்பி எடுக்க அவளிடம் ரீலோட் இல்லை. என் போனிலிருந்து எடுத்தோம். அது பொது இலக்கம். யார் கோல் எடுத்தது என்று அங்கே இருந்தவருக்குத் தெரியவில்லை. எந்தப் பிரிவு என்று கேட்டார், எங்களுக்கும் தெரியவில்லை. அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. கோல் வெட்டியதால்தான் கிடைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது யாருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை அன்றைக்கு நின்ற நிலை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

பாருங்கள், ‘ஹேங்’ என்ற சொல் அவளுக்குத் தெரியும். தொங்கவிடு, தூக்கிலிடு என்று கொப்பியில் எழுதியிருப்பாள். ‘ஹேங் அப்’ என்றால் போனை வைப்பது என்று எங்கேயோ படித்தும் இருக்கிறாள், அதனால்தான் வைத்தாள். ‘ஹேங் ஒன்’ என்பது அதற்கு நேரெதிர் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போன் ஆங்கிலத்தில் பெரிய சொற்கள் இல்லை. எல்லாம் பொடிச் சொற்கள்: ஒன், அப், ஓஃப், த்ரூ, பாக். அந்தப் பொடிச் சொல்தான் கருத்தைத் தீர்மானிக்கிறது. ‘கெட் த்ரூ’ என்றால் லைன் கிடைப்பது. ‘புட் த்ரூ’ என்றால் லைனை மற்றவருக்குக் கொடுப்பது. ‘கட் ஓஃப்’ என்றால் கதைத்துக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்துபோவது. அகராதியில் ‘புட்’ என்பதையும் ‘த்ரூ’ என்பதையும் தனித்தனியாகப் பார்த்துக் கூட்டினால் ஒன்றும் வராது. இன்னொரு பொடியன் ‘பெயார் வித் மீ’, அதாவது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ, என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, “கரடியைப் பற்றி ஏதோ சொன்னவர் அண்ணை” என்றான். சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் அந்த நேரம் அவன் என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

சரி, இது கேட்பதில் வரும் சிக்கல். சொல்வதில் வருவது இன்னும் சுவாரசியமானது. அதை ஆங்கிலப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. எங்கள் தமிழுக்குள்தான் தேட வேண்டும்.

நாங்கள் எப்படிச் சொல்கிறோம்? “நேற்று உனக்குக் கோல் எடுத்தனான்.” எடுத்தது என்றால் நான் அழைத்தேன். இதையே எங்கள் பிள்ளைகள் ‘ஐ ருக் அ கோல்’ என்று சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ரேக் அ கோல்’ என்றால் வந்த கோலுக்குப் பதில் சொல்வது. முழுத் தலைகீழ். கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலைசெய்கிற பொடியன் சொன்னான்: மேலதிகாரி வெளிநாட்டுக்காரர், “சாமான் அனுப்பும் ஆளோடு கதைத்தீரா?” என்று கேட்க இவன் ‘ஐ ருக் த கோல்’ என்றிருக்கிறான். அவர் அந்த ஆளே எடுத்துவிட்டார் என்று நினைத்து, என்ன சொன்னார், எப்போது சாமான் வரும் என்று கேட்டுக்கொண்டே போக, இவன் “அவர் எடுக்கவில்லை” என்று சொல்ல, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எங்கள் தமிழில் அழைப்பதும் எடுப்பதுதான், பதில் சொல்வதும் எடுப்பதுதான். “நான் எடுத்தனான், நீ எடுக்கேல்லை.” எங்களுக்கு விளங்கும். ஆங்கிலத்துக்கு அப்படியே கொண்டுபோனால் விளங்காது.

அதேபோல் “போனை வைக்கிறன்” என்பது. ‘ஐ ஆம் கீப்பிங் த போன்’ என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று நீங்களே அறிவீர்கள். கேட்கிற வெள்ளைக்காரருக்கு, இவன் போனை எனக்குத் தராமல் தானே வைத்துக்கொள்ளப் போகிறான் என்றுதான் படும்.

எல்லாவற்றிலும் பெரியது “அவர் இல்லை” என்பது. தமிழில் ஆள் வெளியே போயிருந்தாலும் அவர் இல்லைதான். ஒரு நாள் கடைக்கு வந்த ஒரு பிள்ளை, தான் வேலை செய்யும் இடத்தில் முகாமையாளரைக் கேட்டு வந்த கோலுக்கு ‘ஹீ இஸ் நோ மோர்’ என்று சொன்னதாகப் பெருமையாகச் சொன்னாள். இலக்கணம் சரியாக வந்ததாம். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம், பிறகு ‘ஐ ஆம் ஸோ சொறி’ என்றார்களாம். “எதுக்கண்ணை சொறி சொன்னவை?” என்று என்னைக் கேட்டாள். உயிரோடு இருந்த மனிசனைச் செத்துப்போக வைத்திருக்கிறாள். ‘ஹீ இஸ் நொட் இன்’, அல்லது ‘ஹீ இஸ் அவுட் அட் த மோமன்ட்’, இவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் ‘ஐ ஆம் அஃப்ரெயிட்’ என்று சேர்த்தால் மரியாதை. அந்த ‘அஃப்ரெயிட்’ பயம் இல்லை, “குறை நினைக்காதேங்கோ” என்று நாங்கள் சொல்வோமே அதுதான்.

மரியாதையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “சொல்லுங்கோ”, “ஆர் கதைக்கிறது?”, “என்ன வேணும்?” என்று நாங்கள் போனில் கேட்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ‘ங்கோ’ என்ற ஒரு விகுதியே மரியாதையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்தில் அந்த விகுதி இல்லை. ‘ஹூ ஆர் யூ?’, ‘வட் டு யூ வோன்ட்?’ என்று கேட்டால் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. ‘மே ஐ ஆஸ்க் ஹூஸ் கோலிங்?’ என்று நீட்டிச் சொன்னால்தான் எங்கள் ‘ங்கோ’வின் பெறுமதி வரும். இதை விளங்கப்படுத்தினால் பிள்ளைகள் சட்டென்று பிடிக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். மரியாதை எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டிய சாமான் இல்லை. அது ஆங்கிலத்தில் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று காட்டினால் போதும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போனில் எப்படிக் கதையைத் தொடங்குவது என்பது ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும்கூட ஒரு காலத்தில் தெரியாது. கிரகாம் பெல் 1876 இல் தொலைபேசியைக் கண்டுபிடித்த பிறகு, எடுத்ததும் கப்பல்காரர் கூப்பிடுவதுபோல ‘அஹோய்’ என்று சொல்ல வேண்டும் என்றுதான் விரும்பினார். ‘ஹலோ’ என்பதை முன்வைத்தவர் எடிசன், 1877 இல். அதுவும் பழக்கிப் பழக்கி வந்ததுதான்.

எங்களுக்குப் பழக நேரம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட முடியாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் போன் கிடையாது. வெளிநாட்டிலிருக்கும் மாமாவோடு கதைக்க அம்மா ஓமந்தை தாண்டி வவுனியாவுக்குப் போய், கொமினிக்கேசனில் வரிசையில் இருந்து, மூன்று நிமிடம் கதைத்துவிட்டு வந்ததுதான் எனக்குத் தெரிந்த தொலைபேசி. அந்த மூன்று நிமிடத்திலும் பாதி அழுகை. 2002 இல் ஏ9 திறந்து, பிறகு 2006 இல் மூடி, 2009 இல் எல்லாம் முடிந்து, மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குக் கைத்தொலைபேசி வந்தது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தாய்தகப்பன் அலுவலகப் போனில் கதைப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் காதில் ஏறியிருக்கும் வசனங்கள், இங்கே தமிழில்கூட ஏறவில்லை. ஆங்கிலத்தில் எங்கே ஏறுவது? இன்றைய பிள்ளைகளுக்கு எல்லாம் வட்ஸ்அப். அதிலும் எழுதுவதில்லை, வொய்ஸ் கட் போடுகிறார்கள். அது கதைதான், ஆனால் மறுபக்கம் குறுக்கே கேள்வி கேட்காத கதை.

குறுக்கே கேள்வி வருகிறபோதுதான் “யெஸ் யெஸ்” தொடங்குகிறது. விளங்காத ஒவ்வொன்றுக்கும் ‘யெஸ் சேர்’. பனிக்கன்குளத்திலிருந்து வருகிற ஒரு பொடியன், நேர்முகத் தேர்வுக்கு ‘ரியூஸ்டே’ என்று சொன்னதைத் ‘தேர்ஸ்டே’ என்று கேட்டுவிட்டான். ஒன்பது மணிக்கா என்று அவர்கள் சரிபார்த்தபோதும் ‘யெஸ் சேர்’. புதன் இரவு பஸ் ஏறி வியாழன் விடியக் கொழும்பில் இறங்கி நின்றான். செவ்வாயே முடிந்துவிட்டது என்று வாசலில் நின்ற காவலாளி சிங்களத்தில் சொன்னாராம். அது மட்டும் வடிவாக விளங்கியதாம்.

அந்தப் பொடியனுக்கு இருநூறு சொல் பாடம். ‘அப்பொயின்ட்மென்ட்’ தெரியும், ‘ரிசப்சனிஸ்ட்’ தெரியும், ‘எக்ஸ்ரென்சன்’கூடத் தெரியும். ‘சொறி, குட் யூ சே தட் அகெய்ன்?’ என்று கேட்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடச் சரியில்லை. எழுதித் தந்தால் வாசிப்பான். வாய் வரவில்லை.

இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது. எல்லாம் நேராகப் போகும்போது தேவைப்படும் சொற்களைத்தான் வகுப்பில் கொடுக்கிறோம். குழம்பிப் போகும்போது தேவைப்படுகிற வசனங்களைக் கொடுப்பதில்லை. ஆனால் வன்னியிலிருந்து போகிற கோல் குழம்பாமல் போவது எப்போது? சிக்னல் இல்லை, லைன் வெட்டுகிறது, பக்கத்தில் ட்ரக்டர், அந்தப் பக்கம் வேகமாகக் கதைக்கிறார்கள், பெயர் விளங்கவில்லை. ‘த லைன் இஸ் பிரேக்கிங் அப்’, ‘ஐ டிட்ன்ட் கச் யுவர் நேம்’, ‘குட் யூ ஸ்பீக் அ லிட்டில் மோர் ஸ்லோலி?’, ‘வீ வேர் கட் ஓஃப்’, ‘லெட் மீ ரீட் தட் பாக் டு யூ’. இந்த ஐந்தையும் நித்திரையிலும் சொல்ல வந்தால், மிச்சச் சொற்களை அந்தப் பக்கத்துக்காரரிடம் கேட்டே வாங்கிவிடலாம். கடைசியில் சொன்ன அந்தத் திருப்பி வாசிக்கிற வசனம் ஒன்று இருந்திருந்தால் பனிக்கன்குளத்துப் பொடியன் செவ்வாயே போயிருப்பான்.

பெயரைச் சொல்லிக் கொடுப்பது இன்னொரு தலையிடி. தர்சினி என்ற பெயரையே எடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘ரி எச்’ என்று தொடங்கும், பாடசாலையில் ‘டி எச்’ என்று பதிந்திருப்பார்கள், நடுவில் ‘எஸ்’ தனியாகவோ ‘எச்’ சோடு சேர்ந்தோ, கடைசியில் ‘ஐ’யோ ‘வை’யோ. போதாததற்குத் தகப்பன் பெயர் பன்னிரண்டு எழுத்து. இதைப் போனில் எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது ‘பி’யும் (P) ‘பீ’யும் (B) எங்கள் காதுக்கு ஒன்றுதான், தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ப’. ‘ஈ’ என்று அவர்கள் சொன்னால் சிலர் ‘ஐ’ எழுதுகிறார்கள், ‘ஏ’ என்றால் ‘ஈ’ எழுதுகிறார்கள். எம், என் வித்தியாசம் மனிசருக்கே பிடிபடாது, போனுக்கு எங்கே பிடிபடும்.

இதற்கு மருந்து எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போன ஒரு அக்கா கடைக்கு வருவார். வோக்கிடோக்கியில் கதைத்துப் பழகியவர். அவருடைய பெயரை ஒரு வங்கிக்காரருக்குப் போனில் சொன்னதைக் கேட்க வேண்டும்: “எஸ் ஃபோர் சியேரா, யூ ஃபோர் யூனிஃபோம், எம் ஃபோர் மைக்...” ஒரே தரத்தில் முடிந்தது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகிற அந்த அடுக்கு 1956 இலிருந்து விமானப் போக்குவரத்துக்கு உலகப் பொதுவாக இருக்கிறது. வேற்று மொழிக்காரர் மோசமான லைனில் கேட்டாலும் விளங்குவதற்கென்றே தெரிந்தெடுத்த சொற்கள். முழு இருபத்தாறும் பாடமாக்கச் சொல்லவில்லை. தன் பெயருக்கும் ஊருக்கும் வேண்டிய பதினைந்து எழுத்தை ஒவ்வொரு பிள்ளையும் வைத்திருந்தால் போதும்.

இலக்கமும் அப்படித்தான். ‘ஓ செவன் டபிள் செவன்’ என்றால் ‘ஓ’ என்ற எழுத்தை எழுதிவைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அது சைபர் என்று தெரியாமல். ‘பிஃப்டீன்’, ‘பிஃப்டி’ என்ற இரண்டுக்கும் நடுவில் எத்தனை சம்பளக் கனவு உடைந்திருக்கும். ஈமெயில் முகவரியை வாயால் சொல்லவும் பழக்குங்கள்: அட், டொட், ஹைபன், அண்டர்ஸ்கோர். அந்த ‘அட்’ குறியை 1971 இல் ரே டொம்லின்சன் என்ற அமெரிக்கர் ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்கப் போட்டார். இன்னார், இன்ன இடத்தில் என்பதுதான் அதன் கருத்து. இதைச் சொன்னால் பிள்ளைகள் குறியை மறப்பதில்லை.

முகவரி என்றதும் ஒரு வேண்டுகோள். பதினான்கு வயதில் போன் வாங்கியபோது கூட்டாளிமார் சேர்ந்து வைத்த முகவரியோடுதான் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்க வருகிறார்கள். ‘லவ்லி கிங்’, ‘ரவுடி போய்’, பிறகு ஒரு நடிகரின் பெயர், பிறகு 007. வகுப்பிலேயே ஒரு நாள் ஒதுக்கி, சொந்தப் பெயரில் ஒரு முகவரி திறக்கப் பண்ணி, பாஸ்வேர்டைக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கொப்பியில் எழுதாதே என்று கணினி ஆசிரியர் திட்டுவார். திட்டட்டும். பாஸ்வேர்ட் தொலைந்து என் கடையில் நிற்கிற வரிசையை அவர் பார்த்ததில்லை.

ஈமெயிலுக்கு வருவோம். ‘சப்ஜெக்ட்’ என்ற கட்டத்தில் ‘ஹாய்’ என்று இருக்கும், அல்லது முழுக் கடிதமும் அதற்குள்ளேயே இருக்கும். பிள்ளைக்கு ‘சப்ஜெக்ட்’ என்றால் எழுவாய், அல்லது பாடம். ‘விடயம்’ என்று தமிழ்க் கடிதத்தில் கோடு கீறி எழுதுகிறோமே அதுதான் இது என்று சொன்ன உடனே விளங்கிவிடுகிறது. ‘சிசி’ என்றால் என்னவென்று கேட்டால் பிரதி என்பார்கள். அது காபன் தாள் வைத்துப் படியெடுத்த காலத்துச் சுருக்கம் என்று சொன்னால், ‘பிசிசி’ என்பது மற்றவருக்குத் தெரியாமல் கொடுக்கிற படி என்பது தானாக வந்துவிடும். பெரியவர்களும் இதில் பிழைவிடுகிறார்கள். ஒரு நிறுவனம் நாற்பது விண்ணப்பதாரருக்கும் ஒரே ஈமெயிலை ‘சிசி’யில் போட்டுவிட்டது. என் வாடிக்கைக்காரப் பிள்ளை ‘ரிப்ளை ஓல்’ அழுத்தி ‘ஓகே தாங்க்யூ சேர், ஐ வில் கம் வித் மை அம்மா’ என்று நாற்பது பேருக்கும் அனுப்பிவிட்டாள்.

ஈமெயிலின் உடம்பில் என்ன எழுதுகிறார்கள்? “நான் நலம், அதுபோல் தாங்களும்” என்று எங்கள் கடிதம் தொடங்குவதுபோல ‘ஐ ஆம் ஃபைன், ஹோப் யூ ஆர் ஆல்சோ ஃபைன்’. முன்பின் தெரியாத மனிதவளப் பிரிவுக்கு. அல்லது அதற்கு நேரெதிராக, ‘கைன்ட்லி டூ த நீட்ஃபுல்’, ‘அட்டாச்ட் ஹியர்வித்’ என்று பழைய கந்தோர் ஆங்கிலம். இது பிழை என்று நான் சொல்ல மாட்டேன், எங்கள் நாட்டு அலுவலகங்களில் இன்றைக்கும் ஓடுகிற நாணயம்தான். வெளியே செல்லாது, அவ்வளவுதான்.

இங்கே உங்களோடு ஒரு சின்னச் சண்டையும் எனக்கு உண்டு. ‘யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி’ எப்போது, ‘யுவர்ஸ் சின்சியர்லி’ எப்போது என்று வாரக்கணக்கில் படிப்பிக்கிறீர்கள். பெயர் தெரியாவிட்டால் முன்னது, தெரிந்தால் பின்னது, ஐந்து நிமிட விடயம். ஈமெயிலில் ‘ரிகார்ட்ஸ்’ என்று முடித்தால் ஒருவரும் கோபிக்கப் போவதில்லை. அந்த வாரங்களை ‘அட்டாச்’ என்ற ஒரு சொல்லுக்குக் கொடுங்கள். கொப்பியில் ‘அட்டாச்மென்ட்: இணைப்பு’ என்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்வாள்? ‘ஐ ஹாவ் அட்டாச்ட் மை சீவீ’ என்று முழுதாக வர வேண்டும். அதற்கும் மேலாக, ‘சொறி, ஐ ஃபோகொட் டு அட்டாச் இட்’ வர வேண்டும், ஏனென்றால் அனுப்புகிற பாதிப்பேர் இணைக்க மறக்கிறார்கள். ‘ஐ குட்ன்ட் ஓப்பின் த அட்டாச்மென்ட்’ வர வேண்டும், ஏனென்றால் வருகிற படிவம் போனில் திறப்பதில்லை. ‘குட் யூ ரீசென்ட் இட்?’ வர வேண்டும். ஒரு சொல், நாலு வசனம், நாலும் உண்மையில் நடக்கிற நாலு சங்கடத்துக்கு. ‘ஐ லுக் ஃபோர்வேர்ட் டு ஹியரிங் ஃப்ரொம் யூ’ என்பதையும் இலக்கணம் விளங்கப்படுத்தாமல் அப்படியே தேவாரம்போல வாயில் போட்டுவிடுங்கள். விளங்கப்படுத்தப் போனால் ‘டு’வுக்குப் பிறகு ‘ஹியர்’தானே என்று குழம்புவார்கள், எனக்கே அந்தக் குழப்பம் தீர வருடக்கணக்கானது.

நேரமில்லை, பாடத்திட்டம் ஓடுகிறது, பரீட்சைக்கு இது வராது என்பீர்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை ஒன்பது வருடம் ஆங்கிலம் படிக்கிறார்கள், சோதனை மண்டபத்தில் போன் அடிப்பதில்லை என்பதும் உண்மைதான். உயர்தரத்துப் பொது ஆங்கிலம் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளிக்குச் சேராது என்பதால் அதைப் பிள்ளைகள் திரும்பியும் பார்ப்பதில்லை. நான் கேட்பது ஒரு பாடவேளை அல்ல, பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடம். இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு காட்டிக் கதிரையில் இருத்துங்கள். முகம் தெரியக் கூடாது, அதுதான் முக்கியம். முகம் தெரிந்தால் கையையும் கண்ணையும் வைத்துச் சமாளித்துவிடுவார்கள். ஒருவர் ஒரு பெயரும் இலக்கமும் சொல்ல வேண்டும், மற்றவர் எழுதித் திருப்பி வாசிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் சத்தம் போடட்டும், போட விடுங்கள். எங்கள் பஸ் நிலையத்தில் அதைவிடச் சத்தம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், தப்பாக எடுக்கக் கூடாது. அரச அலுவலகத்துக்கு எழுதுவதென்றால் நான் பிள்ளைகளுக்குத் தமிழில்தான் அடித்துக் கொடுக்கிறேன். 1987 இலிருந்து தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. தமிழில் எழுதித் தமிழில் பதில் வாங்க உரிமை இருக்கும்போது உடைந்த ஆங்கிலத்தில் கெஞ்சத் தேவையில்லை. ஆனால் தனியார் கம்பனியும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் விசா நிலையமும் அரசியலமைப்பைப் பார்த்துக் கோல் எடுப்பதில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படித்து வெளியே வருகிற பிள்ளையும் தையல் தொழிற்சாலையில் மேற்பார்வைக்குப் போகிற பிள்ளையும் ஒரு நாள் அந்தக் கோலுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று. கடையின் பின்னறையில் பழைய மேசைத் தொலைபேசி இரண்டு கிடக்கிறது, வயரோடு. ஒரு அலுவலகம் மூடும்போது சாமானோடு சாமானாக வந்தவை. லைன் இல்லை, ஆனால் ரிசீவர் எடுக்கலாம், வைக்கலாம். ‘பிக் அப்’ என்றால் என்ன, ‘ஹேங் அப்’ என்றால் என்ன என்று கையால் காட்ட அதைவிட நல்ல சாமான் இல்லை, கண்ணாடியில் சிவப்புப் புள்ளியை அழுத்துகிற தலைமுறைக்கு அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்றே தெரியாது. எந்தப் பாடசாலையாவது கேட்டால் தந்துவிடுகிறேன், காசு வேண்டாம். வகுப்புக்கு வந்து கொழும்புக் கம்பனிக்காரர் மாதிரி வேகமாகக் கதைத்துப் பிள்ளைகளைக் குழப்பவும் வருவேன், அந்தக் கலை எனக்கு நன்றாக வரும். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு கடை பூட்டு, மற்ற நாட்களில் இரவு எட்டு மட்டும் திறந்திருக்கும். வர முதல் ஒரு கோல் எடுத்துவிட்டு வாருங்கள். ஆங்கிலத்தில் எடுத்தாலும் சரி.

இப்படிக்கு,
மாங்குளம் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை நடத்துபவன்